கடிதத்திற்கு உரியவர் இருவர்

கடிதம் என்பது எழுதுவோர்க்கும் பெறுவோர்க்கும் இடையே நிகழும் பேச்சு. நேரிற் பேசும் பேச்சு காற்றோடு கலந்து மறைந்துவிடும். கடிதமோ எழுத்தில் நின்று, எழுதியவர் மறந்த பின்னும் பேசிக்கொண்டே இருக்கும். ஆதலின், மறைபொருள் பேசும்போது கதவைச் சார்த்திக்கொள்ளும் மனிதன், கடிதம் எழுதத் தொடங்கிய பின் அதற்கும் ஒரு கதவு வேண்டும் என்று கருதினான். ஓலையைச் சுருட்டி, மண் வைத்து, அதன்மேல் பொறி பதித்தான். சிலப்பதிகாரத்தில் மாதவி கோசிகன் வாயிலாக விடுத்த முடங்கல் அவ்வாறு மண்பொறி இடப்பெற்றதே ஆகும். அம்மண்ணிற் பதிந்திருந்த கூந்தலின் அடையாளமும் அதன் நெய்மணமும், ஓலையைப் பிரிக்குமுன்னரே அஃது எவருடையது என்பதைக் கோவலனுக்கு உணர்த்தின. அப்பொறி இரண்டு பணிகளைச் செய்தது. எழுதியவர் இன்னார் என்று காட்டியது. இடையில் வேறு கை அதனைப் பிரிக்கவில்லை என்றும் காட்டியது.

காலம் மாறிற்று. ஓலை போய்த் தாள் வந்தது. மண் போய் அரக்கு வந்தது. அரக்கும் போய் ஒட்டுப்பசை வந்தது. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், அருகருகே இருந்த இரண்டு கணிப்பொறிகளுக்கிடையே வலையமைப்பின் வழியாகச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்த்தார். மின்னஞ்சலின் வரலாற்றைப் பெரும்பாலோர் அங்கிருந்தே தொடங்குவர். இன்று எனக்கு வரும் மடல்களுள் மிகப் பல மின்னஞ்சல்களே. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாய் இருந்தமையால், என்பாற் பயின்றோர் பல திசைகளிலும் உளர். ஒருவர் செய்யுள் ஒன்றற்குப் பொருள் கேட்பார். ஒருவர் தம் மகளுக்கு நல்ல தமிழ்ப்பெயர் கேட்பார். ஒருவர் தம் துன்பத்தைச் சொல்லி ஆறுதல் தேடுவார். இம்மூன்றாம் வகை மடல்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பிறர் கடிதத்தை மூன்றாமவர் ஒருவர் படிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு படித்து வளர்ந்தவன் நான். தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் சிற்றூரில், 1970-ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில், எழுத்தறியாத மகளிர் பலர் இருந்தனர். அவர்தம் கணவரும் மக்களும் பம்பாயிலும் கொழும்பிலும் பிழைக்கச் சென்றிருந்தனர். அஞ்சற்காரர் நீலநிற உள்நாட்டுக் கடிதத்தையோ, அயல்நாட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறையையோ கொடுத்துச் சென்றதும், அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைத் தேடுவார்கள். எங்கள் தெருவில் அப்பிள்ளை நான். திண்ணையில் வைத்துப் படிக்கச் சொல்ல மாட்டார்கள். உள்ளே அழைத்துச் சென்று, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் கடிதத்தை என் கையிற் கொடுப்பார்கள். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் வரிகளைக் கடந்து, கடன், நோய், மனத்தாங்கல் என்பன வரும் இடங்களில் அவர்களுடைய முகம் மாறும். பத்து வயதுச் சிறுவனுக்குத் தெரியத் தகாதவை சில அவற்றில் இருந்தன.

என் அன்னையார் இதற்கு ஒரு கட்டளை இட்டிருந்தார். "ஒரு வீட்டுக் காகிதத்தில் படித்தது அந்த வீட்டு நடையைத் தாண்டக் கூடாது. என்னிடமும் சொல்லாதே" என்பார். ஒருமுறை எதிர்வீட்டு ஆச்சி என்னை நிறுத்தி, அடுத்த வீட்டிற்குக் கொழும்பிலிருந்து பணம் எவ்வளவு வருவதாக எழுதியிருக்கிறது என்று கேட்டார். "தெரியாது, ஆச்சி" என்றேன். "படித்தவன் நீதானே, உனக்கா தெரியாது?" என்று அவர் சினந்தார். அதன்பின் நெடுநாள் அவர் வீட்டு முறுக்கு எனக்கு வரவில்லை. நல்ல முறுக்கு அது.

அந்நாளில் என்னை நம்பி அவர்கள் கடிதத்தைக் கொடுத்ததற்குக் காரணம் என் நற்பண்பு மட்டுமன்று. படிக்கப் பணித்தவர் என் அருகிலேயே அமர்ந்திருந்தார். ஒரு கடிதமே என் கையில் இருந்தது. தகரப் பெட்டியில் அடுக்கியிருந்த பழங்கடிதங்கள் என்னிடம் தரப்படவில்லை. படித்து முடித்ததும் அக்கடிதமும் உரியவர் கைக்கே மீண்டது. நான் படி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு மற்றொரு கடிதம் வந்தால், அவர் விரும்பினால் என்னை அழைப்பார். விரும்பாவிடின் வேறு பிள்ளையை அழைப்பார். மாணவர்களே, இவ்வேற்பாட்டினைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு என் மின்னஞ்சற் பெட்டி விளம்பர மடல்களால் நிரம்பி வழிந்தது. துணிக்கடையார் எழுதினர், பயணச்சீட்டு விற்போர் எழுதினர், நான் ஒருகாலும் வாங்கியிராத காலணிகளின் விலைக்குறைப்பினை நாள்தோறும் ஒருவர் தெரிவித்தார். விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பியின் மகன், கல்லூரியிற் பயில்பவன், என் இடர்ப்பாட்டினைக் கண்டு இரங்கினான்.

"பெரியப்பா, இதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. வேண்டாத மடல்களை எல்லாம் அதுவே கண்டுபிடித்து ஒழித்துவிடும். காசும் கொடுக்க வேண்டியதில்லை" என்றான்.

"காசு வாங்காமல் அவர்களுக்கு என்ன ஊதியம், தம்பி?" என்றேன். அவன் சிரித்தானேயன்றி விடை கூறவில்லை.

திரையில் ஒரு பக்கம் தோன்றியது. அதன் அடியில், இசைவு தருவதற்குரிய பொத்தான் இருந்தது. அவன் விரல் அதன்மேற் செல்லுமுன், மேலே எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். ஜிமெயிலில் உள்ள மின்னஞ்சல் அனைத்தையும் படிக்கவும், எழுதவும், அனுப்பவும், நிலையாக அழிக்கவும் அச்செயலி உரிமை வேண்டியது. விளம்பர மடலை ஒழிக்க வருபவர்க்கு என் பெயரால் மடல் அனுப்பும் உரிமை எதற்கு? அஃது ஒருபுறம் இருக்க, என்னைத் தடுத்து நிறுத்தியது 'அனைத்தையும்' என்ற சொல்லே. முற்றும்மை ஒன்றையும் எஞ்ச விடாது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். அங்கே அந்த உம்மை, என் பெட்டியில் பதினைந்து ஆண்டுகளாய்ச் சேர்ந்த மடல் ஒவ்வொன்றையும் தழுவி நின்றது.

இவ்விசைவு எவ்வாறு இயங்குகின்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் ஒரு செயலி நம் கணக்கினுட் புக வேண்டுமானால், நம் கடவுச்சொல்லையே கேட்கும். வாசல் பெருக்க வருபவரிடம் வீட்டுத் திறவுகோற் கொத்தினையே தூக்கிக் கொடுப்பது போன்றது அது. இக்குறையைப் போக்க ஓஆத் என்னும் முறை அமைக்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2012-ஆம் ஆண்டில் பொதுத் தரமாக வெளியிடப்பெற்றது. இம்முறையில் செயலிக்கு நம் கடவுச்சொல் தெரியாது. நம் கணக்கை வைத்திருக்கும் நிறுவனம், "இன்ன செயலி இன்ன உரிமைகளை வேண்டுகின்றது, தரலாமா?" என்று நம்மைக் கேட்கும். நாம் இசைந்தால், அவ்வுரிமைகளுக்கு மட்டும் செல்லத்தக்க அனுமதிச் சீட்டு ஒன்றைச் செயலிக்கு வழங்கும். டோக்கன் என்று அதனை வழங்குவர். நல்ல ஏற்பாடு; இதில் ஐயம் இல்லை. ஆயினும் அச்சீட்டு நாம் உறங்கும்போதும் செல்லும். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேளாது. பொதுவாக நாம் திரும்பப் பெறும் வரையில் அது செல்லுபடியாகும். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் உரிமையும் நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நீங்குவதில்லை. சீட்டு அச்செயலியின் நிறுவனத்திடமே தங்கியிருக்கும்.

என் தம்பி மகன் காட்டியது போன்ற பணியைச் செய்த செயலி ஒன்று அமெரிக்காவில் பெயர் பெற்றிருந்தது. அதன் பெயர் அன்ரோல்.மி. பலர் அதனை நம்பித் தம் அஞ்சற் பெட்டியைத் திறந்துவிட்டனர். 2017-ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. அச்செயலிக்கு உரிமையுடைய ஸ்லைஸ் என்னும் நிறுவனம், லிஃப்ட் என்னும் வாடகைக் கார் நிறுவனத்திலிருந்து வந்த பற்றுச்சீட்டுகளைப் பெட்டிகளிலிருந்து திரட்டி, பெயர்களை நீக்கிவிட்டு, லிஃப்டின் போட்டியாளராகிய ஊபருக்கு விற்றது என்பதே அச்செய்தி. ஊதியம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கிற்று. இசைவு தரத் தயங்கியவர்களிடம், அவர்தம் சொந்தச் செய்திகளைத் தொடமாட்டோம் என்னும் கருத்துப்பட அச்செயலி உறுதி கூறியதாக, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019-ஆம் ஆண்டில் குற்றம் சாட்டியது. அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

படிப்பது பொறிதானே, மனிதர் படிப்பதில்லையே என்று சிலர் ஆறுதல் கொள்வர். 2018-ஆம் ஆண்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழ் வெளியிட்ட செய்தி அவ்வாறுதலையும் குலைத்தது. ரிட்டர்ன் பாத் என்னும் நிறுவனத்தின் பணியாளர், தம் மென்பொருளைப் பழக்குவதற்காக, ஏறத்தாழ 8,000 மின்னஞ்சல்களைத் தாமே படித்தனர் என்று அவ்விதழ் எழுதியது. பயனர் இசைந்த உடன்பாட்டில் இதற்கு இடம் உண்டு என்று அந்நிறுவனம் கருதியது. உடன்பாட்டினைப் படித்து இசைந்தவர் எத்துணைப் பேர்?

இவற்றையெல்லாம் சொன்னபோது என் தம்பி மகன், "மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, பெரியப்பா?" என்றான். பலரும் சொல்லும் சொல்தான் இது. "என்னிடம் ஒன்றும் இல்லை, தம்பி. எனக்கு எழுதியவர்களிடம் இருக்கிறது" என்றேன்.

என் பெட்டியில் ஒரு மடல் இருக்கின்றது. என்பாற் பயின்ற பெண் ஒருத்தி எழுதியது. தனக்கு வந்துள்ள நோயையும், அதற்கு மேற்கொண்டுள்ள மருத்துவத்தையும், அதனைத் தன் புகுந்த வீட்டார்க்கு இன்னும் சொல்லாதிருப்பதன் காரணத்தையும் அவள் அதில் எழுதியிருக்கின்றாள். எனக்கு மட்டும் என்று தலைப்பிலேயே குறித்திருக்கின்றாள். அவள் என்னை நம்பினாள். நான் எந்தச் செயலியை நம்புவேனோ அதனையும் அவள் நம்பினாள் என்று கொள்ள இயலுமோ? மடல் என் பெட்டியில் இருத்தலால் அஃது என் உடைமை என்று நான் கூறலாம். அதனுள் இருக்கும் செய்தியோ அவளுடையது. பொத்தானை அழுத்துபவன் நான். வெளியே செல்வது அவள் வாழ்வு. அவளை எவரும் கேட்பதில்லை. கேட்பதற்குரிய இடமே அந்தத் திரையில் இல்லை.

ஒருவர் இசைவால் பலர் செய்தி பறிபோகும் என்பதற்குப் பெருஞ்சான்று 2018-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஃபேஸ்புக்கில் மனப்பாங்கினை அளந்து சொல்வதாக வந்த வினாவிடைச் செயலி ஒன்று, அதனை நிறுவியவர்களின் செய்தியோடு அவர்தம் நண்பர்களின் செய்தியையும் திரட்டியது. நண்பர் விவரங்களையும் செயலிகள் பெறுவதற்கு அக்காலத்தில் அத்தளம் இடம் கொடுத்திருந்தது. திரட்டியவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தைச் சென்றடைந்தன. உலகெங்கும் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையில் இதனால் தொடப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் கூறியது. நம் நாட்டுக் கணக்கையும் அது தந்தது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர் 335 பேர். அவர்களுடைய நண்பர்களாய் இருந்த காரணத்தால் செய்தி சென்றிருக்கக் கூடியவர் 5,62,120 பேர். அவ்வைந்தரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் எப்பொத்தானையும் அழுத்தவில்லை. 335 பேரும் கொடியவர் அல்லர். பொழுதுபோக்காக ஒரு வினாவிடையை ஆடிப் பார்த்தவர்களே. அக்குற்றங்களின் பொருட்டு 2019-ஆம் ஆண்டில் ஃபேஸ்புக்கிற்கு 500 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் அமெரிக்க அரசின் கருவூலத்திற்குச் சென்றது. 5,62,120 பேருக்கும் அதனால் வந்தது ஒன்றுமில்லை.

நம் நாட்டில், ஓய்வுபெற்ற நீதியரசர் புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் கொண்ட அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தருவது எத்துணை எளிதோ அத்துணை எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் வழி இருத்தல் வேண்டும் என்கின்றது. இவை நற்செய்திகள். எனினும் என் பெட்டியின் பொத்தானருகே நீதியரசர் எவரும் அமர்ந்திருப்பதில்லை.

செயலிகள் யாவும் தீயன என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. கண்பார்வை குன்றிய என் நண்பர் ஒருவர், தமக்கு வரும் மடல்களை ஒரு செயலி உரக்கப் படிக்கக் கேட்கின்றார். அவருக்கு அஃது இன்றியமையாதது. மடலைப் படிக்கும் உரிமை இன்றி அப்பணியை அது செய்யவும் இயலாது. கேட்கும் உரிமைக்கும் செய்யும் பணிக்கும் பொருத்தம் உண்டா என்பதே நாம் நோக்கத் தக்கது. நாட்காட்டி காட்டும் செயலிக்கு அஞ்சற் பெட்டி எதற்கு? முகத்தைக் கிழவனாக்கிக் காட்டும் விளையாட்டிற்கு நம் நண்பர்களின் தொலைபேசி எண்கள் எதற்கு? கூகுள் நிறுவனமும் 2019-ஆம் ஆண்டு முதல் ஜிமெயிலைப் படிக்கும் உரிமையினைச் சில வகைச் செயலிகளுக்கு மட்டும் என்று சுருக்கி, பாதுகாப்புச் சோதனையையும் வேண்டியது. அதற்கு முன், 2017 வரையில், விளம்பரங்களைத் தெரிவு செய்வதற்காக அந்நிறுவனமே மடல்களைப் பொறியால் துழாவி வந்தது என்பதையும் மறத்தலாகாது.

பொருத்தம் பார்ப்பவரையும் ஏமாற்றும் வழி ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், தெரிந்தவர் ஒருவர் ஆவணம் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதாகப் பலர்க்கு மடல் வந்தது. அதில் இருந்த இணைப்பைத் தொட்டதும், கூகுள் டாக்ஸ் என்னும் செயலி அஞ்சலைப் படிக்கவும் முகவரிகளைக் காணவும் இசைவு கேட்பதாக ஒரு பக்கம் திறந்தது. அப்பக்கம் பொய்யன்று, கூகுள் நிறுவனத்தின் மெய்யான இசைவுப் பக்கமே அது. பொய்யாயிருந்தது செயலியின் பெயர் ஒன்றே. எவரோ ஒருவர் தம் செயலிக்கு அப்பெயரைச் சூட்டியிருந்தார். இசைந்தவர்களின் பெட்டியிலிருந்து அவர்தம் நண்பர்களுக்கெல்லாம் அதே மடல் பறந்தது. ஒரு மணி நேர அளவில் கூகுள் அதனைத் தடுத்து நிறுத்தியது. கடவுச்சொல் ஒன்றும் களவு போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. மாதவியின் பொறியைக் கூந்தல் மணத்தால் அறிந்தான் கோவலன். இப்பொறிக்கு மணம் ஏது?

என் பெட்டிக்கு அச்செயலியை நாங்கள் அழைக்கவில்லை. விளம்பர மடல்களின் அடியில் சிறிய எழுத்தில், இனி அனுப்ப வேண்டா என்று சொல்வதற்குரிய இணைப்பு இருக்கும். தெரிந்த கடைகளின் மடல்களில் அதனைத் தேடித் தேடி, இருவரும் ஒரு பிற்பகலில் முப்பதுக்கு மேற்பட்டவற்றை நிறுத்தினோம். காலணிக்காரர் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றார்.

அன்று மாலை என் தம்பி மகன் தானாகவே தன் கூகுள் கணக்கினைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில், வெளிச் செயலிகளுக்குத் தந்த இசைவுகளின் பட்டியலைப் பார்த்தான். பதினொரு பெயர்கள் இருந்தன. பள்ளியிற் படித்தபோது ஆடிய விளையாட்டு ஒன்று. ஒரே ஒரு முறை பயன்படுத்திய பயணச்சீட்டுச் செயலி ஒன்று. இன்னது என்றே நினைவில்லாதவை நான்கு. அவற்றுள் இரண்டிற்கு அஞ்சலைப் படிக்கும் உரிமை இருந்தது. அவனுடைய நண்பர்கள் எழுதிய மடல்களும், நான் அவனுக்கு எழுதிய மடல்களும் அப்பெட்டியில்தாம் இருந்தன. அவன் ஒன்றும் பேசாமல் எட்டினை நீக்கினான். நீக்குதல் இனிச் செல்வதைத் தடுக்குமேயன்றி, முன்னரே எடுத்துச் சென்ற படிகளை மீட்டுத் தராது. ஆதலால் அவ்விரண்டு நிறுவனங்களுக்கும், தன்னிடமிருந்து பெற்றவற்றை அழித்துவிடுமாறு மடல் எழுதினான். ஒரு கிழமைக்குள் ஒன்றிலிருந்து, அழித்துவிட்டோம் என்று இரண்டு வரியில் விடை வந்தது. மற்றொன்றிற்கு எழுதிய மடல், அப்படி ஒரு முகவரி இல்லை என்னும் குறிப்போடு அன்றிரவே திரும்பி வந்துவிட்டது.